அரக்கு முத்திரை வைத்த மோட்டார் சைக்கிள்

போன வெள்ளிக்கிழமை காலை, ராயபுரத்தில் ஓர் அடகுக் கடை வாசலில் நின்று, ஒரு பெண் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்ததை உங்களில் யாராவது பார்த்தீர்களா?

அது நான்தான்.

புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. வலது காலில் மட்டும் என் வீட்டுக்காரரின் பழைய பூட்ஸ். உள்ளே கந்தல் துணி திணித்திருந்தேன், இல்லையென்றால் கழன்று விழும். இடது காலில் என் சொந்தச் செருப்பு. பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரமாக எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே கிளம்பினால், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து அணைத்தேனா என்று பார்ப்பவள் நான். என் பாப்பா தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் அவள் விழித்துக்கொள்வாள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் ஒரு மோட்டார் சைக்கிளின் உயிர் ஒப்படைக்கப்பட்டது. யார் ஒப்படைத்தது? வேறு யார்... என் வீட்டுக்காரர்தான்.

திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் அவருக்கு ஃபிட்டர் வேலை. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலத்தில் விற்றார்கள் அல்லவா, அதில் மூன்று நான்கு உடைசல்களை வாங்கி, இதன் சக்கரம், அதன் எஞ்சின், வேறொன்றின் டாங்க் என்று சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளாக ஆக்கினார். கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு அது இருந்தது. சர்ச்சிலிருந்து அதில் உட்கார்ந்துதான் புகுந்த வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரை போவோம். எனக்குப் பின்னால் உட்காரப் பயம். பயம் என்று சொல்லவும் பயம்.

இந்த வருஷம் அவருக்குச் சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். பட்டறையில் பார்க்க முடியாத சம்பளம். ஆனால் கல்கத்தாவுக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். ரயில் செலவு, கம்பளி உடுப்பு, பூட்ஸ், படுக்கை எல்லாம் நம் பொறுப்பு.

இந்த மாதிரி நேரத்தில் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? சொல்லவே வேண்டாம். நானும் அதைத்தான் செய்தேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"அத்த எட்த்து கயித்துல போடு" என்றார். "கப்பலுக்குப் போறது நான். ஆசப்பட்டது நான். அடகு வெக்கறதும் என்னோடதா இர்க்கட்டும்."

"உங்களோடது என்ன இருக்கு?"

"வாசல்ல நிக்குது பாரு."

வேண்டாம் என்று சொன்னேன். வேண்டாம் என்று சொன்னது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் அவரோடு சேர்ந்து அடகுக் கடைக்குப் போனேன்.

எங்கள் சேட்டு ராஜஸ்தான்காரர் என்பது கடைப் பலகையில் மட்டும்தான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ராயபுரம். மெட்ராஸ் தமிழ் என்னைவிடச் சரளமாகப் பேசுவார். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்தவர், வாசலில் வண்டி வந்து நின்றதும் எழுந்து வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா நைனா இது, யானய இட்டாந்து அடகு வெக்கிற. தீனி யார் போடறது?"

"தீனியெல்லாம் வேணா சேட்டு. வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட வுடணும். இங்க உப்புக் காத்து. சும்மா நின்னா இறுகிப் பூடும்."

"தங்கம் வாங்கனா பொட்டில போட்டு மறந்துடுவேன். அது பாட்டுக்குத் தூங்கும்."

"தங்கம் தூங்கும். இது தூங்குனா செத்துடும்."

"சாவற பொருள் மேல நான் எப்டிப்பா பணம் குட்க்கறது?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். "எப்ப இது ஓடலன்னு ஆவுதோ, அப்ப வித்துக்கோ சேட்டு. வாரா வாரம் என் சம்சாரம் வந்து ஓட்டிக் காட்டும்."

என் சம்சாரம்! யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சேட்டு வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் சரி என்றார், ஆனால் அவருடைய தொழில் முறைப்படி. அடகுக்கு வந்த பொருள் கடனைக் கட்டும்வரை அவர் கையை விட்டுப் போகக் கூடாது. யாரும் அதில் ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகக் கூடாது. ஸ்டார்ட் செய்வதைத் தெருவில்தான் செய்ய வேண்டும், கடைக்குள் புகை ஆகாது. அதுவரை அவருடைய ஒரு கை ஹாண்டில்பாரில் இருக்கும். சம்மதமா?

சம்மதம்.

அடகுச் சீட்டில் 'எடை' என்று ஓர் இடம் அச்சடித்திருந்தது. சேட்டு பேனாவை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். பிறகு 'ரெண்டு ஆள் தூக்க முடியாது' என்று எழுதினார். கடைக்குப் பக்கத்து நடையில், சாக்குப் போர்த்தி, வண்டியை நிறுத்தினார்கள்.

புறப்படுவதற்கு முன் இவர் எனக்குப் பாடம் நடத்தினார். டாங்கின் கீழே இருக்கும் குழாயைத் திற. கார்புரேட்டர் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கு. பெட்ரோல் கசிந்து விரல் ஈரமாகும். பிறகு உதை.

"எவ்வளவு நேரம் அமுக்கணும்?"

"வெரல் ஈரமாவற வரிக்கும்."

"ஈரமாகலைன்னா?"

"ஆவும்."

அவ்வளவுதான் பாடம். அவர் ரயில் ஏறினார். நான் ஜெபமாலை உருட்டும்போதுகூட நடுவில் 'குழாய், பொத்தான், உதை' என்று வந்துகொண்டிருந்தது. மாதா மன்னிப்பாராக.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் சேட்டு. வெள்ளியன்று வீட்டு நகையை வெளியே கொடுக்க யாருக்கும் மனம் வராது, லட்சுமி போய்விடுவாளாம். அதனால் அன்று காலையில் கடை காலியாக இருக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை எத்தனை முறை உதைத்தேன் என்று எண்ணவில்லை. எண்ணியவள் கன்னியம்மா.

கன்னியம்மா காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள். வெள்ளிக்கிழமை எங்கள் கத்தோலிக்க வீடுகளில் கறி கிடையாது, மீன்தான். அதனால் அன்று தவறாமல் இந்தத் தெருவுக்கு வருவாள். சேட்டு சைவம், ஆகவே கூடையை இரண்டு கடை தள்ளி இறக்கிவிட்டு, கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு, கடைப்படி ஓரமாக உட்காருவாள். அவள் கம்மல் அந்தக் கடைக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். கடலில் மீன் பட்டால் காதில் இருக்கும், படாவிட்டால் சேட்டின் பெட்டியில் இருக்கும்.

"இன்னா டீச்சரம்மா, வண்டிய ஒதச்சிகினே கீற? அது இன்னா தப்பு பண்ணிச்சு?" (கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.)

"அடகு வச்சிருக்கோம் கன்னியம்மா."

"எத்த? இத்தயா?" அவள் சேட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். "சங்கிலி கயித்துல கீது. வண்டி அடகுல கீது. உன் வூட்டுக்காரரு இன்னா ஆம்பளம்மா? எங்காளு என் மூக்குத்திய வச்சித்தான் அவன் சட்டைக்கே துணி எட்த்தான்."

சேட்டு, ஹாண்டில்பாரைப் பிடித்த கையை எடுக்காமலே, தலையை மட்டும் ஆட்டினார். "கரெக்ட்டு. எங்கப்பா காலத்துலர்ந்து இந்தக் கட கீது. பொம்பளைங்க காது, மூக்கு, கயித்து, இடுப்பு எல்லாம் உள்ள வந்துகீது. ஆம்பள ஆச ஒண்ணு உள்ள வந்தது இப்பதான்."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. பெருமைப்படுவது சரியா என்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள், வண்டி பிடித்துக்கொண்டது. தெருவே அதிர்ந்தது. சேட்டின் மெத்தையில் உட்கார்த்தி வைத்திருந்த பாப்பா, அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துக் கை தட்டினாள்.

அதன் பிறகு வாராவாரம் அப்படித்தான். மூன்றாவது உதையில் பிடிக்கும், சில நாள் இரண்டாவதில். ஒரு கீர்த்தனை பாடி முடிக்கும் நேரம் ஓட விடுவேன். அணைப்பேன். சேட்டு ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுப்பார், விரல்களை நீட்டி மடக்குவார். "பல்லெல்லாம் ஆடுது தங்கச்சி" என்பார். வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வருவேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதானே ஏதாவது நடக்கும்?

தீபாவளி வந்தது. கூடவே மழையும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பாப்பாவுக்கு வேறு மூக்கு ஒழுகியது. நான் போகவில்லை. ஒரே ஒரு வாரம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது வண்டியைப் பார்த்து அசந்துபோனேன். துடைத்துப் பளபளவென்று இருந்தது. விளக்கில் சந்தனம், குங்குமம். ஹாண்டில்பாரில் சாமந்தி மாலை. டாங்க் மூடியின் மேல், வட்டமாக, தடிமனாக, சிவப்பு அரக்கு. அதில் சேட்டின் முத்திரை.

"எங்க புதுக்கணக்கு தீபாவளிக்குத்தான் தங்கச்சி" என்றார் சேட்டு. "அன்னிக்கு அடகுப் பொருள் அல்லாத்தையும் வெளிய எட்த்து தொட்ச்சி, பூஜ பண்ணி, புதுசா முத்திர போட்டு வெப்போம். பூஜல வெக்கற பாத்திரம் காலியா இருக்கக் கூடாது. அதான் டாங்க்கு நெறய பெட்ரோல் ஊத்தினேன். கயித்து வரிக்கும். அப்புறம் பார்த்தா ஒரே வாசன. நான் ஊதுவத்தி ஏத்தறவன். பயமா இர்ந்துச்சி. நல்லா மூடி முத்திரையும் போட்டுட்டேன்."

எனக்கு அதைக் கேட்டு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வாசனை வராது. தீப் பிடிக்காது. எவனும் பெட்ரோல் திருட மாட்டான். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே குழாயைத் திறந்தேன், பொத்தானை அமுக்கினேன், உதைத்தேன்.

பிடித்தது. ஓடியது. கீர்த்தனையில் முதல் சரணம்கூட முடியவில்லை... இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

உதைத்தேன். இல்லை. பொத்தானை அமுக்கினேன். விரல் ஈரமாகவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். நகம்தான் வலித்தது.

மறு வெள்ளிக்கிழமையும் அதே கதை. சிறிது நேரம் ஓடியது, இருமியது, செத்தது.

அந்த இரண்டு வாரம் நான் சோறு தின்றேனா என்று தெரியவில்லை. மழையால் இருக்குமோ? ஈரம் எஞ்சினுக்குள் போய்விட்டதோ? துருவோ? நான் ஒரு வாரம் போகாமல் இருந்தேனே, அதுதான் காரணமோ? தண்ணீரில் நடந்தாவது போயிருக்கலாமே... பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? பக்கத்து வீட்டில் விட்டிருக்கலாமே... இப்படியே சுற்றிச் சுற்றி. பெட்ரோல் இல்லையோ என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை. வண்டியை ஆட்டினால் டாங்கில் சலசலக்கவே இடமில்லாமல் நிறைந்திருந்ததே.

பட்டறையிலிருந்து யாரையாவது அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். சேட்டு கையை விரித்தார். அடகுப் பொருளில் ஸ்குரூ திருகக் கூடாது. அது முதல் நாளே பேசியது.

"கோவிச்சுக்காத தங்கச்சி. ஓடற வண்டிக்கு ஒரு வெல. ஓடாத வண்டிக்கு இரும்பு வெல. வாரத்துக்கு வாரம் அது எறங்கிகினே போனா என் பணம் இன்னா ஆவறது? வர்ற வெள்ளிக்கெயம பாப்போம். ஓடலன்னா காயலான் கட ஆள வரச் சொல்லிகீறேன். உன் வூட்டுக்காரரு சொன்ன பேச்சுதான் இது."

ஆமாம், அவர் சொன்ன பேச்சுதான். சிரித்துக்கொண்டே சொன்ன பேச்சு.

அவருக்கு எழுதிக் கேட்கலாம். கப்பல் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறதோ, கடிதம் எப்போது போய்ச் சேருமோ. அவர் திரும்பி வந்ததும் முதலில் எங்கே போவார்? வீட்டுக்கு வருவார். இரண்டாவதாக? அது எனக்குத் தெரியும். அவர் கையால் பூட்டிய வண்டியைக் காயலான் கடையில் பல்சக்கரமும் தகரமுமாகப் பிரித்துத் தொங்கவிட்டிருப்பதை அவர் பார்க்கிற மாதிரி எனக்குக் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை விடிந்தது. எழுந்ததும் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். 'கயித்துல போடு' என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் வண்டி போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே? சங்கிலியை வைத்து வண்டியை மீட்டுவிடலாம். அவருக்குக் கோபம் வரும். வரட்டும். வரட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தேன்.

பாப்பா பாலுக்கு அழுதாள். டின் பால்தான் கொடுக்கிறேன். புது டின்னை எடுத்து, ஆணியை வைத்து அடித்து, ஓர் ஓட்டை போட்டேன். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எறும்பு ஊர்வலம். அதனால் ஒன்றோடு நிறுத்திவிட்டேன், அதுவும் சின்னதாக. தம்ளரில் கவிழ்த்தேன்.

வரவில்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அதுவும் உள்ளே போய்விட்டது.

டின்னை ஆட்டினேன். தட்டினேன். பாப்பா உச்ச ஸ்தாயியில் அழுதாள். எறும்பு வந்தால் வரட்டும் என்று எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டேன். பால் நூல் மாதிரி இறங்கியது.

இது எந்தத் தாய்க்கும் தெரிந்ததுதானே? மண்ணெண்ணெய் டின்னுக்கும் இதேதானே? ஒன்று வெளியே வர, ஒன்று காற்று உள்ளே போக.

தம்ளர் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. முழு டின், பால் வரவில்லை. முழு டாங்க், விரல் ஈரமாகவில்லை...

அந்த டாங்க் மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை உண்டு. துருப் பிடித்து விழுந்த ஓட்டை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதன் வழியாக மழைத்தண்ணீர் போகுமே என்று கவலைப்பட்டும் இருக்கிறேன். அது துரு இல்லையோ? வேண்டுமென்றே வைத்ததோ? அதன் மேல்தான் சேட்டு தடிமனாக அரக்கு ஊற்றியிருக்கிறாரோ?

உடனே அடுத்த சந்தேகம். மோட்டார் சைக்கிள் எங்கே, பால் டின் எங்கே? யாராவது கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கட்டும் என்று கிளம்பினேன். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டி, குல்லாய் கட்டி, பூட்ஸை ஒரு பையில் வைத்துக்கொண்டு. கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டேன். என் யோசனையை நம்பி அதை வீட்டில் விட்டுப் போகும் தைரியம் எனக்கு இல்லை.

கடை வாசலில் வண்டி தயாராக நின்றது. சேட்டின் ஒரு கை அதன் மேல். பக்கத்தில், கையில் கயிறோடு, காயலான் கடைக்காரர். வண்டியின் மட்கார்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், மாம்பழக்காரர் மாதிரி.

"தகரம் கனமா கீது. பழைய சரக்கு" என்றார்.

கன்னியம்மா படியோரமாக உட்கார்ந்திருந்தாள். "யோவ், உசுரு போவுமுன்னயே அளவு எடுக்கிறியே" என்றாள் அவரிடம்.

நான் சேட்டிடம் சொன்னேன், தெளிவாகச் சொல்ல நினைத்து, திக்கித் திக்கித்தான் வந்தது. "சேட்டு, அந்த முத்திரையை எடுத்துடுங்க. அதுக்குள்ள காத்து போகலை. அதான் பெட்ரோல் இறங்கலை. பால் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடறோம் இல்லையா... அந்த மாதிரி."

காயலான் கடைக்காரர் சிரித்தார். சேட்டு சிரிக்கவில்லை.

"முத்திரய ஒடச்சா அடகு முடிஞ்சிது தங்கச்சி. பணம் கட்டி மூட்டாதான் ஒடைப்போம். எங்கப்பா எனக்கு சொல்லிக் குட்த்த மொதல் பாடம் அது. முத்திர ஒடஞ்ச பொருள கடைல வெக்க மாட்டேன்."

"உடைக்க வேண்டாம். ஓட்டை போட்டா?"

சேட்டு குனிந்து முத்திரையைப் பார்த்தார். அவர் அப்பா ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

"ஓட்ட போட்டா... முத்திர முத்திரயாத்தான் இருக்கும்" என்றார், மெதுவாக.

பாப்பாவின் இடுப்புத் துணியில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினேன். நெருப்பில் காட்டிக் குத்தலாமா என்று சேட்டு கேட்டார். "ஐயோ, பெட்ரோல்" என்றேன். பாப்பாவைக் கன்னியம்மாவிடம் கொடுத்து எதிர்ச்சாரிக்கே போகச் சொல்லிவிட்டேன். நெருப்பே இல்லையே, எதற்கு அனுப்பினேன்? தெரியவில்லை. மனசுக்கு ஒரு திருப்தி.

முத்திரை அவருடையது. அதனால் குத்துவதும் அவர்தான். ஹாண்டில்பாரை முதல் தடவையாகக் கடைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்தார். ஊக்கின் முனையை அரக்கின் நடுவில் வைத்து, அழுத்தாமல், திருகத் திருக, சிவப்புப் பொடி உதிர்ந்தது. சற்று அழுத்தினால் அரக்கு முழுவதும் விரிசல் விடும். அவர் நெற்றியில் வியர்வை.

"கொழந்தைக்குக் காது குத்தற மாதிரி குத்து சேட்டு" என்று எதிர்ச்சாரியிலிருந்து குரல் கொடுத்தாள் கன்னியம்மா. "நோவாம குத்து."

"சும்மா இரு. அரக்கு ஒடஞ்சிடும்."

திடீரென்று ஊக்கு உள்ளே இறங்கியது. சேட்டு அதை உருவினார்.

'உஸ்...'

நிஜமாகவே கேட்டது. ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்தவர் மூச்சு இழுத்த மாதிரி. நாங்கள் எல்லோரும் குனிந்து அந்த ஓட்டையையே பார்த்தோம். முத்திரை உடையவில்லை. சேட்டின் பெயரில் ஓர் எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் பொத்தானை அமுக்கினேன்.

விரல் ஈரமானது.

வாசகர்களே, என் வாழ்க்கையில் பெட்ரோல் வாசனையை முகர்ந்து கண் கலங்கியது அன்றுதான்.

பூட்ஸை மாட்டினேன். உதைத்தேன். இல்லை. மறுபடி உதைத்தேன்... பிடித்தது. சேட்டு பாய்ந்து வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். முதல் சரணம் முடிந்தது. இருமவில்லை. இரண்டாவது சரணம். கீர்த்தனை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பாடினேன், வாய்விட்டே பாடினேன், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது? பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. சேட்டின் தாடை ஆடிக்கொண்டே இருந்தது, ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு.

காயலான் கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். "சர்தான், நான் கெளம்பறேன். செத்தா சொல்லி அனுப்பு சேட்டு."

"உன் வாயில முள்ளு மாட்ட. போய்யா" என்றாள் கன்னியம்மா.

அணைத்த பிறகு சேட்டு என் இடது கையைப் பார்த்தார். கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடியே இவ்வளவும் செய்திருக்கிறேன்.

"அதுல இன்னா தங்கச்சி?"

"ஒண்ணுமில்லை சேட்டு."

அவருக்குத் தெரியாதா? முடிச்சின் கனத்தைப் பார்த்தே எடை சொல்கிறவர். "எத்தினி வருசமா கட வச்சிகீறேன்" என்றார். "எட்த்து கயித்துல போட்டுக்கோ. வெள்ளிக்கெயம நான் தங்கத்தத் தொடறதில்ல."

அவர் கடைக் கண்ணாடியில் பார்த்துப் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டதும் ஒரு கவலை. வரும் வாரம் அந்த ஓட்டையில் தூசி அடைத்துக்கொண்டால்? சேட்டு அதற்கும் வழி சொன்னார். ஊக்கு அவரிடமே இருக்கட்டுமாம். தினமும் காலையில் ஊதுவத்தி ஏற்றுவதற்கு முன் ஒருமுறை குத்திவிடுவாராம். பூஜையோடு பூஜையாக.

யோசித்துப் பார்த்தால் சேட்டு என்ன தப்புச் செய்தார்? நாம் எதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்... மூடுகிறோம். இன்னும் பத்திரம் வேண்டும் என்றால் இன்னும் இறுக்கி மூடுகிறோம். அதிலும் பிறத்தியார் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த அரக்கைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவளே நான்தானே?

இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது என்று மட்டும். மீதியை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். கோடைக்குள் கப்பல் மெட்ராஸ் பக்கம் வரலாம் என்று எழுதியிருந்தார். முதல் சம்பளப் பணமும் வந்திருக்கிறது. வட்டிக்குப் போக மிச்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வண்டியை மீட்கும் அன்று முத்திரையை யார் உடைப்பது என்று சேட்டைக் கேட்டேன். "ஒதச்சது யாரு? நீயே ஒடை" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கடையிலிருந்து கிளம்பும்போது கன்னியம்மா பாப்பாவை என்னிடம் கொடுத்தாள். குழந்தையின் கன்னம் சிவந்து, குல்லாய்க்குள் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. மழை நின்று வெயில் அடிக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"சேட்டு வண்டிக்கு முத்திர வச்சாரு, நீ கொழந்தைக்கு வச்சிகீறியே டீச்சரம்மா" என்றாள். "கயித்து வரிக்கும்."

மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடல் காற்று பாப்பாவுக்கு ஆகாது என்று மழை ஆரம்பித்த நாளிலிருந்து சாத்தியே வைத்திருந்த ஜன்னலுக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். திறக்கலாமா? சளி இன்னும் முழுதாக விடவில்லை. ஒரு கதவை மட்டும் திறந்தேன். துறைமுகத்திலிருந்து ஏதோ ஒரு கப்பல் ஊதிய சத்தம் உள்ளே வந்தது. பாப்பா கை தட்டினாள்.

ஸ்வெட்டரிலும் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான்... மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்.